கடையில் தட்டுப்பாடு, களத்தில் தேக்கம்: இயற்கை அரிசி ஏன் வேண்டும்போது கிடைப்பதில்லை?

சென்னையில் வசிக்கும் ஒருவர் கேட்டிருப்பது இதுதான்: இயற்கை அங்காடிகள் தெருவுக்குத் தெரு வந்துவிட்டன, நஞ்சில்லாத உணவு வேண்டும் என்று தேடுபவர்களும் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறார்கள், அப்படியிருந்தும் மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரிய அரிசி ஒரு மாதம் கிடைக்கிறது, அடுத்த மாதம் இல்லை என்கிறார்கள், விலையும் சாதாரண அரிசியைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது, வாங்க இத்தனை பேர் காத்திருக்கும்போது உழவர்கள் ஏன் கூடுதலாக விளைவிப்பதில்லை? காவிரிப் படுகையில் இயற்கை வழி உழவர் குழு ஒன்றுக்காக நெல்லை வாங்கி, சேமித்து, அரைத்து, நகரக் கடைகளுக்கு அனுப்பும் வேலையில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன். நான் அன்றாடம் கையாளும் பொருள் அரிசி என்பதால், அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

முதலில் கேள்விக்குள் இருக்கும் ஓர் அனுமானத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. உழவர்கள் விளைவிக்காததால்தான் கடையில் பொருள் இல்லை என்பது பாதி உண்மை மட்டுமே. தை, மாசி மாதங்களில் எங்கள் பகுதிக்கு வந்தால், இயற்கை முறையில் விளைந்த பாரம்பரிய நெல்லைக் களத்தில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, வாங்க ஆள் வருவாரா என்று பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பங்களைக் காணலாம். அதே வாரத்தில் சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ ஒரு கடைக்காரர் என்னை அழைத்து, சரக்கு இல்லாமல் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புகிறேன் என்று வருந்துவார். தட்டுப்பாடும் தேக்கமும் ஒரே நேரத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையில் இருக்க வேண்டிய பல இணைப்புக் கண்ணிகள் நம்மிடம் உருவாகவே இல்லை. அவற்றை உருவாக்க ஆகும் செலவையும் காத்திருப்பையும் இதுவரை உழவர் தனியாகவே சுமந்து வருகிறார். என் பதிலின் சாரம் இதுதான்.

இந்தத் தேவை திடீரென்று முளைத்ததல்ல. 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற உயர் விளைச்சல் நெல் ரகம் தஞ்சை வயல்களில் பரவியபோது தொடங்கிய மாற்றம், இரண்டு தலைமுறைக்குள் மரபு நெல் வகைகளை ஏறக்குறைய இல்லாமலாக்கியது. கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையப் பணியை விட்டு வெளியேறிய நம்மாழ்வார் இயற்கை வேளாண்மை பற்றி ஊர் ஊராக நடந்து பேசியதும், திருத்துறைப்பூண்டிக்கு அருகில் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, இரண்டு கிலோ விதை கொடுத்து மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திரும்ப வாங்கிய நெல் ஜெயராமன் ஏறக்குறைய 170 மரபு வகைகளை மீட்டதும் இல்லையென்றால், இன்று கேட்பதற்குப் பெயர்கள்கூட இருந்திருக்காது. முதலவர் 2013 டிசம்பரிலும் இரண்டாமவர் 2018 டிசம்பரிலும் மறைந்தார்கள். அவர்கள் விதையையும் விருப்பத்தையும் விட்டுச் சென்றார்கள். விதை உழவரிடம் போனது, விருப்பம் நகரத்துக்குப் போனது. நடுவில் ஆலை, கிடங்கு, முதலீடு, போக்குவரத்து ஆகியவற்றைக் கட்டும் வேலையைப் பெரிய அளவில் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

விலையைப் பற்றிக் கேட்டிருப்பதால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2025-26 பருவத்தில் தமிழ்நாட்டின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில், மாநில ஊக்கத்தொகையையும் சேர்த்து, சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாயும் சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. உரமும் மருந்தும் இட்டு உயர் விளைச்சல் ரகத்தைப் பயிரிடும் ஒருவர் நல்ல ஆண்டில் ஏக்கருக்கு 36 மூட்டை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூட்டை 60 கிலோ என்றால் 2,160 கிலோ. அதன் மதிப்பு 54,000 ரூபாய். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதப் பிரச்சினையும் நாள்கணக்கில் காத்திருப்பும் உண்டு என்றாலும், வாங்குபவர் ஒருவர் இருக்கிறார், விலை முன்பே தெரியும். அதே ஏக்கரில் மாப்பிள்ளைச் சம்பாவை இயற்கை முறையில் பயிரிடுபவருக்கு, குறிப்பாக முதல் சில ஆண்டுகளில், 15 மூட்டை கிடைத்தால் நிறைவு. அது 900 கிலோ. பக்கத்து வயல்காரருக்குக் கிடைக்கும் அதே 54,000 ரூபாயை அவரும் பெற வேண்டுமானால் கிலோ நெல் 60 ரூபாய்க்கு விற்றாக வேண்டும். நூறு கிலோ நெல்லை அரைத்தால் 62 கிலோ அளவுக்கு விற்பனைக்குரிய அரிசி நிற்கும். ஆகவே நெல்லின் விலை மட்டுமே ஒரு கிலோ அரிசிக்கு 97 ரூபாய் ஆகிவிடுகிறது. அதன் மேல் அரவை, கல் நீக்குதல், குருணை பிரித்தல், பை, லாரி வாடகை, கடைக்காரரின் பங்கு என்று சேர்த்தால் 140 ரூபாயைத் தொடுகிறது. இந்தக் கணக்கில் யாரும் கொள்ளையடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மண் தேறிய பிறகு அதே வயலில் 20 மூட்டை வரும். அப்போது கிலோ 45 ரூபாய்க்கு விற்றாலே பக்கத்து வயலின் வருமானம் கிடைத்துவிடும். கடை விலையும் 110 ரூபாய்க்கு அருகில் இறங்கும். நிலம் தேறும்வரை தாக்குப்பிடிக்க உழவருக்கு யாராவது துணை நின்றால், பின்னால் நுகர்வோருக்கு விலை குறையும் என்பதுதான் இதன் பொருள். ஆனால் கடைக்கு வருபவர் பார்ப்பது இன்றைய விலையை மட்டுமே, அவர்மீதும் குற்றமில்லை.

உரச் செலவு இல்லையே, அது மிச்சந்தானே என்று பலர் கேட்கிறார்கள். 45 கிலோ யூரியா மூட்டை உழவருக்கு 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது. மீதியை அரசு மானியமாகச் செலுத்துகிறது. உர மானியத்துக்கு மத்திய அரசு ஆண்டுதோறும் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் செலவிடுகிறது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற தேசிய இயற்கை வேளாண் இயக்கத்துக்கு ஒதுக்கப்பட்ட மொத்தத் தொகை 2,481 கோடி ரூபாய். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே, இயற்கை உழவர் எந்தத் தரையில் நின்று போட்டியிடுகிறார் என்பது புரியும். அவர் மிச்சப்படுத்தும் உரத்தின் விலை சிறியது. அதற்கு ஈடாக அவர் செலவழிக்கும் உழைப்போ பெரியது. களைக்கொல்லி தெளிக்காத வயலில் இரண்டு முறையாவது கைக்களை எடுக்க வேண்டும். நடவுக்கும் களைக்கும் ஆள் கிடைப்பதே அரிதாகிவிட்ட ஊர்களில், மிச்சமான பணத்தையும் அதற்கு மேலும் களையெடுப்புக் கூலி விழுங்கிவிடுகிறது.

எருவின் கணக்கு இதைவிடக் கடினமானது. இதைப் பற்றி மேடைகளில் அதிகம் பேசப்படுவதுமில்லை. நெல் வயலுக்கு ஏக்கருக்கு ஐந்து டன் தொழு உரம் இட வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. ஒரு மாடு நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 கிலோ சாணம் இடும். ஆண்டு முழுவதும் சேர்த்து மக்க வைத்தால் நிற்பது ஒன்றரை முதல் இரண்டு டன். ஆக ஓர் ஏக்கருக்கு இரண்டு மூன்று மாடுகளின் சாணம் வேண்டும். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இருந்த பசுவினம் 95 லட்சம். எருமைகளைச் சேர்த்தால் ஒரு கோடி. சாகுபடி நிலமோ ஒரு கோடி ஏக்கருக்கு மேல். மாடுகள் இருக்கும் ஊரும் எரு தேவைப்படும் ஊரும் ஒன்றாகவும் இல்லை. எங்கள் பகுதியில் உழவு மாடுகள் போய் டிராக்டர் வந்தபோதே தொழுவங்களும் போய்விட்டன. வைக்கோல்கூட கட்டுகளாக உருட்டப்பட்டு வெளி மாவட்டங்களுக்குப் போகிறது. சாணமும் கோமியமும் சேர்த்துத் தயாரிக்கும் கரைசல்களான பஞ்சகவ்யமும் ஜீவாமிர்தமும் மண்ணின் உயிரோட்டத்தைத் தூண்டும் என்பதை என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். ஆனால் நல்ல விளைச்சலுக்குத் தேவையான தழைச்சத்து முழுவதையும் அவை மட்டுமே தந்துவிடும் என்று நம்பி இறங்கியவர்கள் ஏமாந்ததையும் கண்டிருக்கிறேன். நடைமுறையில் கை கொடுப்பது பசுந்தாள் உரம்: தக்கைப்பூண்டையோ சணப்பையோ விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவது. அதற்கு நடவுக்கு முன் 45 நாள் நிலமும் நீரும் வேண்டும். மேட்டூர் அணை எப்போது திறக்கும் என்பதைப் பொறுத்தே அந்த 45 நாள் கிடைப்பதும் கிடைக்காததும்.

அடுத்தது மாறுநிலைக் காலம். ஏற்றுமதிக்கும் உள்நாட்டுக்கும் பயன்படும் தேசிய அங்கக (இயற்கை முறை) உற்பத்தித் திட்டத்தின் விதிகளின்படி, நெல் போன்ற ஓராண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டுகளும், தென்னை, மா போன்ற நீண்டகாலப் பயிருக்கு முதல் அறுவடைக்கு முன் மூன்று ஆண்டுகளும் ரசாயனம் படாமல் நிலம் இருந்திருக்க வேண்டும். இந்த இடைக்காலத்தில் விளைச்சல் குறைந்திருக்கும், பொருளை முழு இயற்கை விளைபொருள் என்று சொல்லி விற்கவும் முடியாது. மண் மிகவும் பலவீனமாக இருக்கும் அந்த ஆண்டுகளில்தான் உழவருக்குக் கூடுதல் விலை தேவை. விதியோ அதற்குப் பிறகுதான் முத்திரையைத் தருகிறது. விதியின் நோக்கம் நியாயமானது, அதைத் தளர்த்தச் சொல்லவில்லை. உழவர்களே ஒருவரையொருவர் சரிபார்க்கும் பங்கேற்பு உறுதியளிப்பு முறையில், மாறுநிலையில் இருக்கும் பொருளுக்கும் ‘பி.ஜி.எஸ். கிரீன்’ என்று தனி முத்திரை உண்டு. அந்த முத்திரையைத் தேடி வாங்கும் நுகர்வோரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். இன்று அதை வாங்குபவர்தான் மூன்று ஆண்டுகள் கழித்துக் கிடைக்கப்போகும் அரிசியின் அளவைத் தீர்மானிக்கிறார்.

நிலத்தின் தன்மையும் ஒரு தடை. தமிழ்நாட்டில் ஒரு உழவர் குடும்பத்தின் சராசரி நிலம், 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, 0.75 ஹெக்டேர், ஏறக்குறைய 1.85 ஏக்கர். அதுவும் ஒரே துண்டாக இருப்பதில்லை. நான்கு பக்கமும் மருந்து தெளிக்கும் வயல்கள் சூழ்ந்திருக்க, மேல்வயலின் வடிகால் நீர் தன் வயல் வழியாக வாய்க்காலுக்குப் போகும் ஒருவர் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் தூய்மையைக் காப்பது கடினம். வரப்பை உயர்த்தி, ஓரத்தில் நாலைந்து வரிசையை ஒதுக்கிவிட்டால், சிறிய நிலம் இன்னும் சிறியதாகிவிடுகிறது. எங்கள் பகுதியில் கோயில் நிலத்தையும் தனியார் நிலத்தையும் வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவர்கள் மிகுதி. அடுத்த ஆண்டு இந்த நிலம் என்னிடம் இருக்குமா என்று தெரியாத ஒருவரிடம், மூன்று ஆண்டுகள் மண்ணை வளப்படுத்துங்கள் என்று சொல்ல எனக்கு நா எழுவதில்லை. இரண்டு ஆண்டுகள் தக்கைப்பூண்டு மடக்கி உழுது மண்ணை வளமாக்கிக் கருமையாக்கிய ஒருவரிடமிருந்து, வயல் நன்றாக இருக்கிறது என்பதாலேயே நிலம் திரும்பப் பெறப்பட்டதை நேரில் பார்த்திருக்கிறேன்.

இனி அறுவடைக்குப் பின் நடப்பவை. பாரம்பரிய நெல் உயரமாக வளர்வது. காட்டுயானம் ஆள் உயரத்தைத் தாண்டும், வயது 180 நாள். மாப்பிள்ளைச் சம்பாவுக்கு ஏறக்குறைய 160 நாள். வடகிழக்குப் பருவமழையின் கடைசிக் காற்றில் பயிர் சாய்ந்துவிட்டால் அறுவடை இயந்திரம் பாதி கதிரைச் சேற்றில் விட்டுவிடும். இயந்திரமோ முந்தைய வயலில் அறுத்த சாதாரண நெல்லைத் தொட்டியில் வைத்துக்கொண்டே வரும். முதலில் கொட்டும் சில மூட்டைகளைத் தனியே ஒதுக்கினால்தான் கலப்பு இல்லாமல் இருக்கும். அறுவடை நாளில், மழை மேகம் திரளும்போது, வாடகை மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்போது, அதைச் செய்ய எத்தனை மனவுறுதி வேண்டும் என்பதைக் கடையில் நின்று பை வாங்குபவர் அறிய வழியில்லை.

அரவை ஆலைதான் என் வேலையில் மிகக் கடினமான இடம். நவீன ஆலைகள் பெரும் அளவுக்காகக் கட்டப்பட்டவை. 20 மூட்டை கருங்குறுவை என்ற மரபு நெல்லை மட்டும் அரைத்துக் கொடுங்கள் என்றால் இயந்திரத்தை ஓட்டும் செலவுக்குக்கூடக் கட்டாது என்று மறுத்துவிடுவார்கள். ஒப்புக்கொள்பவரிடமும் முன்பு அரைத்த நெல்லின் மிச்சம் உருளைகளிலும் குழாய்களிலும் இருக்கும். உமியை மட்டும் நீக்கித் தவிட்டைக் காக்க வேண்டும் என்பதைக் கேட்டுப் பழகிய ஆலைகள் குறைவு. தவிடு நீங்காத அரிசியில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் இரண்டு மூன்று மாதத்தில் காறல் வாடை வரும், வண்டும் விழும். இயற்கைப் பொருள் என்பதால் கிடங்கில் நச்சுப் புகையும் போட முடியாது. ஆகவே நெல்லாகவே வைத்திருந்து, மாதாமாதம் சிறிது சிறிதாக அரைப்பதுதான் ஒரே வழி. அப்படியானால் தையில் விளைந்த நெல்லுக்குரிய பணத்தை உழவருக்கு அப்போதே கொடுத்துவிட்டு, விற்பனைப் பணத்துக்கு அடுத்த மார்கழி வரை காத்திருக்க வேண்டும். 50 டன் நெல்லைக் கிலோ 50 ரூபாய் என்று வாங்கினால் 25 லட்சம் ரூபாய் கிடங்கில் முடங்குகிறது. அடமானக் கடனுக்குப் போனால் அதைச் சாதாரண நெல்லின் விலைக்கே மதிப்பிடுகிறார்கள். கடைகளும் சரக்கு போய் ஒன்றரை, இரண்டு மாதம் கழித்தே பணம் தருகின்றன. ஐப்பசியில் உங்கள் கடையில் மாப்பிள்ளைச் சம்பா இல்லாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், அது விளையாதது அல்ல. தையில் அதை வாங்கிச் சேமித்து வைக்க எங்களைப் போன்றவர்களிடம் பணம் இல்லாததுதான். வாங்க ஆளில்லாத நெல்லை உழவர் சாதாரண விலைக்கே வியாபாரியிடம் கொடுத்துவிடுகிறார். அது கலந்து அரைபட்டுப் பெயரிழந்து போகிறது.

இந்தத் தடைகளைக் கடந்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். தருமபுரி மாவட்டத்தின் சிட்லிங்கி பள்ளத்தாக்கில் பழங்குடி உழவர்கள் சங்கமாகச் சேர்ந்து, சிறுதானியத்தையும் மஞ்சளையும் இயற்கை முறையில் விளைவிப்பதோடு நில்லாமல், தங்கள் ஊரிலேயே சுத்தம் செய்து, அரைத்து, மாவாகவும் தின்பண்டமாகவும் விற்கிறார்கள். அங்கே மானாவாரி நிலமும், ரசாயனம் குறைவாகவே நுழைந்த சூழலும், பல ஆண்டுகள் கூடவே இருந்த மருத்துவ, சமூகப் பணியாளர்களின் துணையும் இருந்தன. படுகையின் வாய்க்கால் பாசன நிலத்தில் அதை அப்படியே நகலெடுக்க முடியாது. ஆனால் அறுவடைக்குப் பிந்தைய வேலைகள் உழவர் கையிலேயே இருக்க வேண்டும் என்ற பாடம் எங்களுக்கும் பொருந்தும்.

தேவையின் வடிவத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். நகரத்தின் விருப்பம் அகலமானதல்ல. ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு பெயர்களின் மேல் குவிகிறது. கருப்புக் கவுனி நீரிழிவுக்கு நல்லது என்ற பேச்சு பரவியபோது எல்லோரும் அதையே கேட்டார்கள். அதைப் பார்த்துப் பலரும் அதையே பயிரிட்டார்கள். அடுத்த அறுவடையில் விலை சரிந்து, கையில் சரக்கோடு நின்றவர்களில் சிலர் பழைய முறைக்கே திரும்பிவிட்டார்கள். பூங்கார் குறுகிய காலத்தில் விளைவது, கிச்சிலிச் சம்பா சன்னமாக அன்றாடச் சோற்றுக்கு ஏற்றது. இவற்றைக் கேட்பவர் குறைவு. காய்கறியில் நிலைமை இன்னும் கடினம். ஐப்பசி மழையில் தக்காளியும், சமவெளியில் சித்திரை வெயிலில் முட்டைக்கோசும் இயற்கை முறையில் வேண்டும் என்று கேட்பவரின் தேவையை நிறைவேற்ற ஒரே வழி, எங்கிருந்தோ வரும் பொருளுக்கு முத்திரை குத்துவதுதான். அது நடக்கவும் செய்கிறது.

கிடைக்கும் அளவுக்கும் கேட்கும் அளவுக்கும் உள்ள இடைவெளியில்தான் போலி நுழைகிறது. ‘நாட்டு’, ‘இயற்கை’, ‘மரபு’ என்ற சொற்களைப் பையில் அச்சிடுவது எளிது. 2017-இல் வந்த உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிகளின்படி, அங்ககப் பொருள் என்று சொல்லி விற்கப்படுவதற்குத் தேசியத் திட்டத்தின் சான்றோ பங்கேற்பு முறைச் சான்றோ வேண்டும். ‘ஜைவிக் பாரத்’ சின்னமும் இருக்க வேண்டும். நுகர்வோருக்கு நேரடியாக விற்கும் சிறு உழவருக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. அது சரியான விலக்கு. தெரிந்த முகத்திடம் வாங்கும்போது நம்பிக்கைக்கு ஆதாரம் அந்த உறவே. ஆனால் யாரிடம் வாங்கினோம் என்று தெரியாத கடையில் அந்த விலக்கைச் சாக்காக வைக்கக் கூடாது. ஆய்வகப் பரிசோதனையால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஒரு மாதிரிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும் அந்தச் சோதனை, பட்டியலில் உள்ள நஞ்சுகளின் எச்சம் இருக்கிறதா என்று காட்டுமே தவிர, வயலில் யூரியா போட்டார்களா என்று காட்டாது.

சான்று பெற்ற உழவர்களின் எண்ணிக்கையில் இந்தியா உலகிலேயே முதலிடத்தில் இருக்கிறது. அப்படியானால் பொருள் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். சான்று பெற்ற பரப்பில் பெரும்பகுதி மத்தியப் பிரதேசம் போன்ற மாநிலங்களில், பருத்தி, சோயா, எண்ணெய்வித்துகள் ஆகியவற்றில் இருக்கிறது. அவற்றில் கணிசமான பங்கு ஏற்றுமதிக்கானது. பல குழுக்களில் சான்றிதழ் உழவர் பெயரில் இல்லாமல் நிறுவனத்தின் கையில் இருந்ததால், நல்ல விலை தரும் வேறொருவருக்கு உழவரால் விற்க முடியாமல் போனது. அந்தச் சான்றுகளின் நம்பகமும் கேள்விக்குள்ளானது; 2021-இல் அமெரிக்கா இந்தியச் சான்றளிப்பு முறைக்குத் தந்திருந்த ஏற்பை முடிவுக்குக் கொண்டுவந்தது. கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட நம் மாநில அங்ககச் சான்றளிப்புத் துறை குறைந்த கட்டணத்தில் சான்று தருவதைச் சிறு உழவர் குழுக்கள் இன்னும் கூடுதலாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

இவ்வளவு தேவை இருக்கும்போது அரசு ஆணையிட்டு எல்லோரையும் மாற்றிவிடலாமே என்று உணர்ச்சிவசப்பட்டுக் கேட்கும் நண்பர்களுக்கு இலங்கையைச் சுட்டிக்காட்டுவேன். 2021 மே மாதத்தில் கோட்டாபய ராஜபக்ச அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவிப்பில் தடைசெய்தது. மாற்று உரம் தயாராக இல்லை. சீனாவிலிருந்து வந்த கப்பல் உரத்தில் தீய நுண்ணுயிர்கள் இருப்பதாக அந்நாட்டின் பயிர்த் தடுப்புக்காப்பு நிலையமே நிராகரித்தது. நெல்லும் தேயிலையும் சரிந்தன. நவம்பருக்குள் தடை விலக்கப்பட்டது. மட்டக்களப்பிலும் கிளிநொச்சியிலும் உள்ள தமிழ் உழவர்கள் உட்படப் பலர் அந்த ஆண்டின் பெரும்போகம் எனப்படும் மழைக்காலச் சாகுபடியின் இழப்பைத் தாங்களே சுமந்தார்கள். அங்கே தோற்றது இயற்கை வேளாண்மை என்று சொல்வதை நான் ஏற்கவில்லை, தோற்றது அவசரம். சிக்கிம் 2003-இல் சட்டமன்றத்தில் முடிவெடுத்து, உர மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, ஏறக்குறைய 75,000 ஹெக்டேரை மாற்றி, 2016 ஜனவரியில்தான் முழு அங்கக மாநிலமாக அறிவிக்கப்பட்டது. 13 ஆண்டுகள். அங்கும் அரிசி பெருமளவு வெளியிலிருந்தே வருகிறது. 2018-இல் வெளிமாநிலக் காய்கறிகளுக்குக் கட்டுப்பாடு விதித்தபோது சந்தையில் விலை ஏறியது.

தமிழ்நாட்டில் 2021-இன் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் நெல் ஜெயராமன் பெயரில் மரபு நெல் பாதுகாப்பு இயக்கமும், 2023 மார்ச்சில் அங்கக வேளாண்மைக் கொள்கையும் வந்தன. விதை கொடுப்பதில் நல்ல முன்னேற்றம் தெரிகிறது. நான் அடுத்து வேண்டுவது இரண்டு: ஒன்றியத்துக்கு ஒன்றாகவாவது சிறிய அளவில் தனியே அரைக்கும் ஆலையும் கிடங்கும், மாறுநிலை ஆண்டுகளில் விளைச்சல் இழப்பை ஈடுசெய்யும் நேரடித் தொகை, குத்தகை உழவருக்கும் சேர்த்து. சத்துணவுக் கூடங்களும் மருத்துவமனை, விடுதிச் சமையலறைகளும் குறிப்பிட்ட அளவு மாறுநிலை அரிசியை வாங்க உறுதி தந்தால், தையில் தார்ப்பாய் போட்டு மூடிய குவியல்களில் பெரும்பாலானவை கிடங்குக்குப் போய்விடும்.

கேள்வி கேட்டவரின் வீட்டில் மாதத்துக்குப் பத்து கிலோ அரிசி செலவாகும் என்று வைத்துக்கொள்கிறேன். ஆண்டுக்கு 120 கிலோ அரிசி. அதற்கு 194 கிலோ நெல். ஏக்கருக்கு 15 மூட்டை விளைச்சலில் அது ஏறக்குறைய 22 சென்ட் நிலம். ஐந்து குடும்பங்கள் சேர்ந்தால் ஓர் ஏக்கருக்குச் சற்றுக் கூடுதல். சம்பாவுக்கு விதை விடுவது ஆவணியை ஒட்டி. ஆகவே ஆடி முடிவதற்குள், எந்த வகை, எவ்வளவு, எந்த விலை என்று ஓர் உழவரிடமோ உழவர் குழுவிடமோ பேசி, மூன்றில் ஒரு பங்குத் தொகையை முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள். முடிந்தால் மாறுநிலையில் இருப்பவரையே தேர்ந்தெடுங்கள். ஒரே வகையைக் கேட்காமல், அன்றாடத்துக்குக் கிச்சிலியும் கஞ்சிக்குப் பூங்காரும் இட்லிக்கு மாப்பிள்ளைச் சம்பாவும் என்று பிரித்துக் கேட்டால் உழவருக்கும் ஒரே பயிரில் முழு நிலத்தையும் பணயம் வைக்க வேண்டியிருக்காது. நெல்லாக அங்கேயே இருக்கட்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அரைத்து அனுப்பச் சொல்லுங்கள். சில பைகளில் நாலைந்து வண்டு இருக்கும். முறத்தில் புடைத்துவிட்டு, சிறிது நேரம் நிழலில் பரப்பி வைத்தால் போய்விடும்.